கட்டத்தில் போட்ட டிக்கும் கட்டியில் இருந்த மாற்றமும்

தென்னாப்பிரிக்காவில் படிவம் நிரப்பினால் பெயர், முகவரிக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் நான்கு கட்டங்கள் வந்துவிடும்: கறுப்பு ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பு வம்சத்தார்), இந்தியர் அல்லது ஆசியர், வெள்ளையர். பள்ளிக்கூடமானாலும் வேலையானாலும் மருத்துவமனையானாலும் டர்பனில் இருக்கும் எங்கள் குடும்பத்தார் மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்தக் கட்டத்தை நான் நிதானித்துப் பார்த்தது என் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான்.

நுரையீரல் புற்றுநோயைப் பற்றி எதைப் படித்தாலும் "ஆசியர், பெண், புகைபிடிக்காதவர்" என்ற மூன்று சொற்களும் சேர்ந்தே வருகின்றன. இவை மூன்றும் பொருந்துகிறவரின் கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம், இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு என்பது அதன் சாரம். மாமா ஆண். டர்பனின் தென்பகுதியிலுள்ள மெரபேங்கில் வாழ்ந்துகொண்டு 30 வருஷம் சிகரெட் பிடித்தவர். மூன்றில் ஒன்றுதான் அவருக்குப் பொருந்தியது, அதுவும் படிவத்தின் கணக்குப்படி. முதலில் பார்த்த டாக்டர், "இவர் புகைபிடித்தவர், அந்த டெஸ்ட்டில் எதுவும் வராது" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை எவ்வளவு தவறானது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. திசு ஆய்வகம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த மெழுகுத் துண்டை நாங்கள் பிளாக் என்போம். இந்த பிளாக்கைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயரால் சொன்னாலும் அது ஒரே நோய் இல்லை. சுமார் 15 சதவீதம் சிறுசெல் வகை. அதற்கும் புகைக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. மீதி 85 சதவீதத்தில் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்பவை முக்கியமானவை. அடினோகார்சினோமா நுரையீரலின் வெளிப்புற ஓரங்களில், சளி போன்ற நீரைச் சுரக்கும் செல்களிலிருந்து கிளம்புவது. புகைபிடிக்காதவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். மாத்திரையோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களின் கதையும் பெருமளவு இந்த வகையைச் சுற்றியே நடக்கிறது.

அந்தக் கதை ஒரு புதிரில் தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் ஜெஃபிடினிப் என்ற மாத்திரை வந்தது. மேற்கு நாடுகளில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்குப் பலனில்லை. ஆனால் பத்தில் ஒருவருக்குக் கட்டி அப்படியே கரைந்தது. ஜப்பானில் கரைந்தவர்கள் இன்னும் அதிகம். ஏன் இவர்களுக்கு மட்டும் என்று பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் அவர்களுடைய கட்டிகளை எடுத்துப் பார்த்தன. 2004-ல் விடை கிடைத்தது. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் சின்னதாக ஒரு மாற்றம் இருந்தவர்களுக்குத்தான் மாத்திரை வேலை செய்திருந்தது.

ஈஜிஎஃப்ஆர் நம் எல்லோருடைய செல்களிலும் இருக்கிறது. செல்லின் மேல்தோலில் அழைப்புமணி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக்கான சேதி வந்து பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும், செல் பிரியும். விரலை எடுத்தால் மணி நின்றுவிடும். மாற்றம் நேர்ந்த செல்லில் அந்தப் பொத்தான் உள்ளே சிக்கிக்கொள்கிறது. யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கிறது. செல்லும் பிரிந்துகொண்டே போகிறது. ஜெஃபிடினிப், எர்லோடினிப், அஃபாடினிப், அப்புறம் வந்த ஓசிமெர்டினிப் எல்லாம் அந்த மணிக்கு உள்ளே இருக்கும் சின்னக் குழியில் போய் அடைத்துக்கொண்டு ஓசையை நிறுத்துகிற மருந்துகள்.

அந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதும் முக்கியம். 19-வது பகுதியில் சில எழுத்துகள் விடுபட்டுப் போவது ஒன்று. 21-வது பகுதியில் எல்858ஆர் என்று குறிக்கப்படும் ஒற்றை எழுத்து மாற்றம் மற்றொன்று. ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களில் பத்துக்கு எட்டு ஒன்பது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். 20-வது பகுதியில் எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருந்தால் பழைய மாத்திரைகள் பெரும்பாலும் பலிப்பதில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் "ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால் போதாது, எந்தப் பகுதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈஜிஎஃப்ஆர் மட்டுமல்ல. 2007-ல் ஜப்பானில் ஒரு குழு வேறொரு கோளாறைக் கண்டுபிடித்தது. இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. அதனால் தொடர்பே இல்லாத இரண்டு மரபணுக்கள் ஒன்றாக இணைந்து ஏஎல்கே என்ற புரதத்தை ஓயாமல் வேலை செய்ய வைக்கின்றன. நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கும். மற்ற நோயாளிகளைவிட இவர்கள் வயதில் இளையவர்கள், பெரும்பாலும் புகைபிடிக்காதவர்கள். இதற்கான முதல் மாத்திரை கிரிசோடினிப், 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் நடுவே நான்கே வருஷம். புற்றுநோய் மருத்துவத்தில் இது அபூர்வமான வேகம். பின்னால் வந்த லோர்லாடினிப்பை முதல் மருந்தாக எடுத்துக்கொண்டவர்களில் ஐந்து வருஷம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறாமல் இருந்தது. நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணை நான் வேலையில் சேர்ந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ராஸ்1, ரெட், பீராஃப், மெட், ஹெர்2, என்டிஆர்கே என்று இன்னும் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றில் ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் என்ற அளவில்தான். கேராஸ் மட்டும் பெரிய பங்கு. மேற்கு நாடுகளில் அடினோகார்சினோமாவில் நான்கில் ஒரு பங்குக்கு இதுவே காரணம். அங்கே இது புகைபிடித்தவர்களிடம்தான் அதிகம். வழவழப்பான புரதம், மருந்து பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம்கூட இல்லை என்று பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டிருந்தது. ஜி12சி என்ற மாற்றம் உள்ளவர்களுக்கென்று சோடோராசிப் 2021-ல் வந்தது. இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்று இருந்தால் மற்றொன்று இருப்பதில்லை. வண்டியை ஓட்ட ஒரு டிரைவர் போதும் என்பது மாதிரி.

சரி, அந்த மூன்று சொற்களுக்கு வருகிறேன்.

2009-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஐபாஸ் என்பார்கள். அதில் சேர்க்கப்பட்ட 1217 பேரும் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளைச் சேர்ந்தவர்கள், அடினோகார்சினோமா உள்ளவர்கள், புகைபிடிக்காதவர்கள், அல்லது கொஞ்சமாகப் பிடித்து விட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். அதாவது தோற்றத்தையும் பழக்கத்தையும் வைத்துப் பொறுக்கி எடுத்த கூட்டம். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப், பாதிப் பேருக்குக் கீமோ. யார் யாருடைய திசு கிடைத்ததோ அவர்களுக்கு மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள்: 437 பேர். அவர்களில் 261 பேருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தது. ஏறக்குறைய 60 சதவீதம். இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தும் பத்தில் நான்கு பேருக்கு மாற்றம் இல்லை.

அந்த நான்கு பேருக்கு என்ன ஆனது என்பதுதான் என்னை உலுக்கியது. மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ மாத்திரை கொடுத்ததால் நோய் முன்னேறும் வேகம் கீமோ கொடுத்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். "புகைபிடிக்காத ஆசியப் பெண்தானே, டெஸ்ட் எதற்கு, மாத்திரையைத் தொடங்கிவிடலாம்" என்று யாராவது ஊகித்தால் அதன் விலை அது. எதிர்ப்பக்கத்திலும் அதே தவறு நடக்கிறது: "புகைபிடித்த ஆண், டெஸ்ட் வீண்" என்று. 2013-ல் உலக அளவிலான நோய்க்கூறு வல்லுநர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முற்றிய அடினோகார்சினோமா உள்ளவருக்கு ஆணா பெண்ணா, எந்த இனம், புகைத்தாரா என்பதைப் பார்த்துப் பரிசோதனையை மறுக்கக் கூடாது. என் மாமாவைப் பார்த்த அந்த டாக்டர் பேசியது இதற்குப் பல வருஷம் கழித்து.

இனி அந்த "ஆசியர்". 2014-ல் வெளியான பயனியர் என்ற ஆய்வு ஏழு ஆசியப் பகுதிகளில் 1482 அடினோகார்சினோமா நோயாளிகளைப் பார்த்தது. ஒட்டுமொத்தமாக 51.4 சதவீதம் பேருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம். இந்த எண்தான் எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிரித்துப் பார்த்தால் கதை வேறு. வியட்நாமில் 64.2 சதவீதம். இந்தியாவில் 22.2. ஐரோப்பிய வம்சத்தாரிடம் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்ற அளவில் இருக்கும். நாம் வியட்நாமியர் பக்கத்திலும் இல்லை, ஐரோப்பியர் பக்கத்திலும் இல்லை, நடுவில் எங்கோ இருக்கிறோம். ஒரே "ஆசியர்" என்ற சொல்லில் மூன்று மடங்கு வித்தியாசம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

டர்பனில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த டிரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மீதிப் பேர் கல்கத்தா வழி. பின்னால் குஜராத்தி வணிகர்கள். படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் இவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். சீன வம்சாவளியினரில் பலரும் தம்மை அதே கட்டத்தில்தான் குறிக்கிறார்கள். இந்தக் கட்டம் ஒரு காலத்தில் எங்கே வாழலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்று தீர்மானிக்க உருவானது. ஒருவருடைய கட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல அதற்கு எந்தத் தகுதியும் இல்லை.

"பெண்" என்பதிலும் ஒரு கலப்படம் இருக்கிறது. ஆசிய நாடுகளில் பெண்கள் புகைபிடிப்பது குறைவு. ஆகவே பெண்களிடம் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் என்று தெரிவதில் ஒரு பகுதி, அவர்கள் புகைக்காததால் தெரிவது.

புகையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் புற்றுநோய்க்கு இன்னும் முதல் காரணம் புகைதான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருஷம் புகைத்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 மாற்றங்கள் கூடுதலாகச் சேர்கின்றன என்று 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. சிகரெட் புகையில் உள்ள ரசாயனங்கள் மரபணுவின் எழுத்துகளை ஒரு தனிப் பாணியில் மாற்றுகின்றன. கட்டியைப் படித்தாலே இது புகையின் கைவரிசை என்று சொல்லிவிட முடியும். புகைக்காதவர் கட்டியில் அந்தத் தடம் இருக்காது; மொத்த மாற்றங்களும் குறைவு; ஆனால் ஈஜிஎஃப்ஆரோ ஏஎல்கேயோ போன்ற ஒற்றை டிரைவர் இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே இளைஞர்கள் விருந்துகளில் ஹுக்காவை ஹப்ளி என்று சொல்லி மணிக்கணக்கில் இழுக்கிறார்களே, அதுவும் புகையிலைதான், பழ வாசனை சேர்த்தது. நிலக்கரித் துண்டின் புகையும் சேர்ந்தே உள்ளே போகிறது.

ஆனால் புகைபிடித்தவர் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். தவிர, கேராஸுக்கும் மருந்து வந்த பிறகு புகைபிடித்தவரின் பரிசோதனைக்கும் நேரடிப் பலன் இருக்கிறது.

அப்படியானால் புகைக்காதவர்களுக்கு ஏன் வருகிறது? டர்பனின் தென்பகுதியில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல. 1950-ல் வந்த குழுப்பகுதிச் சட்டத்தின் காலத்தில் இந்தியர்களுக்கு மெரபேங்கும் கலர்ட் மக்களுக்குப் பக்கத்து வென்ட்வொர்த்தும் என்று பிரித்துக் குடியமர்த்தினார்கள். 1954-ல் வென்ட்வொர்த்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அப்புறம் தெற்கே இன்னொன்று, நடுவில் காகித ஆலை. குளிர்கால ராத்திரிகளில் காற்று அசையாமல் நிற்கும். காலையில் எழுந்தால் தொண்டையில் கந்தக நெடி இருக்கும். மெரபேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது தெரிந்தது. 2020 டிசம்பர் 4 அன்று வென்ட்வொர்த் ஆலையில் வெடிப்பு நடந்தது. அதோடு சுத்திகரிப்பு நின்றது. தெற்கே இருந்த ஆலையும் 2022-ல் நின்றுவிட்டது.

ஆஸ்துமா வேறு, புற்றுநோய் வேறு. மெரபேங்கில் ஒருவருக்கு வந்த நுரையீரல் புற்றுநோயைக் காட்டி இது இந்த ஆலையால் வந்தது என்று யாரும் தீர்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே உறுதியாக அறிவித்துவிட்டது. அது எப்படி உண்டாக்குகிறது என்பதற்கு 2023-ல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்வாண்டனின் குழு ஒரு விடை தந்தது.

அவர்கள் பிரிட்டன், தென்கொரியா, தைவான், கனடா ஆகிய நாடுகளின் தரவுகளைப் பார்த்தார்கள். காற்றில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கூடும் இடங்களில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுநோயும் கூடியது. அதோடு புற்றுநோயே இல்லாத நுரையீரல் திசுக்களையும் ஆராய்ந்தார்கள். 295 மாதிரிகளில் 18 சதவீதத்தில் ஈஜிஎஃப்ஆர் மாற்றமும் 53 சதவீதத்தில் கேராஸ் மாற்றமும் ஏற்கெனவே இருந்தன. அதாவது வயதாக ஆக நம்மில் பலருடைய நுரையீரலிலும் இப்படிச் சில செல்கள் எந்தத் தொல்லையும் தராமல் தூங்கிக்கொண்டிருக்கின்றன. மாசுத் துகள்கள் உள்ளே போனதும் உடம்பு அழற்சியைக் கிளப்புகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சேதிப்பொருள் சுரக்கிறது. அந்த அழற்சி தூங்குகிற செல்லை எழுப்பிவிடுகிறது. சிகரெட் புதிய மாற்றங்களை எழுதுகிறது என்றால், மாசுக்காற்று பெரும்பாலும் ஏற்கெனவே எழுதியிருப்பதைத் தட்டி எழுப்புகிறது. எலிகளில் இதைச் செய்தே காட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தன. ஜன்னலை மூடு என்று டீச்சர் சொல்வார். வெயில் காலத்திலும் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கதையும் உண்டு. அதனால் வரும் மீசோதீலியோமா நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் வேறொரு புற்றுநோய். அந்தத் தொடர்பை உலகுக்குக் காட்டியது 1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, 33 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. இருந்தும் இங்கே ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது 2008-ல்தான். ஆஸ்பெஸ்டாஸ் சாதாரண நுரையீரல் புற்றுநோயையும் கூட்டும். புகையோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பழைய வீட்டுக் கூரையைத் தாங்களே அறுத்து இறக்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நோயாளி யார் என்பதைவிட, இங்கே அவருக்கு முதலில் என்ன பெயர் சூட்டப்படுகிறது என்பது பல நேரம் உயிரைத் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நீண்ட நாள் இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று ஒருவர் போய் நின்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டிபி. தோன்றுவதில் தப்பில்லை, டிபி இங்கே அவ்வளவு பரவலானது. தப்பு அடுத்த படியில் நடக்கிறது. மாமாவின் சளிப் பரிசோதனையில் டிபி கிருமி இல்லை என்று வந்தது. இருந்தும் எக்ஸ்-ரேயில் நிழல் தெரிந்ததால் ஒரு கிளினிக்கில் டிபி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் நிழல் குறையவில்லை. மூன்றாம் மாதம் குரல் கம்மத் தொடங்கியது. "முழு கோர்ஸையும் முடியுங்கள்" என்றார்கள். ஆறு மாதம் போய்விட்டது. கட்டி அந்த ஆறு மாதமும் சும்மா இருக்கவில்லை.

கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்து, மருந்துக்கும் நிழல் குறையவில்லை என்றால், சிடி ஸ்கேனும் பயாப்சியும் கேட்டுவாங்க வேண்டும். ஒரு காலத்தில் டிபி வந்து ஆறிய தழும்பு உள்ளவர்களுக்கும், எச்ஐவி உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே "முன்பே டிபி வந்தது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும்" என்ற சமாதானம் அவர்களுக்குத்தான் மிகவும் ஆபத்தானது.

இப்போது பிளாக். நுரையீரலுக்குள் குழாய் விட்டோ, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டோ எடுக்கும் திசு அரிசியைவிடச் சின்னது. அதை மெழுகில் பதித்தால் சில பத்துச் சீவல்கள்தான் கிடைக்கும். இது எந்த வகைப் புற்றுநோய் என்று உறுதி செய்ய ஒன்றன்பின் ஒன்றாகச் சாயங்கள் போட்டுக்கொண்டே போனால், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்போது பிளாக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. "போதுமான திசு இல்லை" என்று ரிப்போர்ட் வரும். நோயாளி வீட்டார் அதை "மாற்றம் இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. பயாப்சிக்கு முன்பே டாக்டரிடம், மரபணுப் பரிசோதனைக்கும் சேர்த்துத் திசு எடுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் அதை எழுதுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் முதலிலேயே சீவல்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். பிளாக் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அதை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

திசு போதவில்லை என்றால் ரத்தத்தில் பார்க்கும் வழியும் இருக்கிறது. சாகும் புற்றுச் செல்கள் தங்கள் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. அதில் மாற்றம் கண்டால் நம்பலாம். காணாவிட்டால் இல்லை என்று ஆகாது. திசுவில் மறுபடி பார்க்க வேண்டும்.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து, உடம்பின் எதிர்ப்புசக்தியைத் தூண்டிக் கட்டியைத் தாக்க வைக்கும் இம்யூனோதெரபி மருந்தைத் தொடங்கிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே உள்ள கட்டிகளில் அந்த மருந்துகள் பொதுவாக நன்றாக வேலை செய்வதில்லை. தவிர, அதைக் கொடுத்த சூட்டோடு ஓசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. அவசரம் இல்லாத நிலையில் காத்திருப்பதே மேல். உடல்நிலை அவசரப்படுத்தினால் முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

மாமாவுக்கு இரண்டாவது டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முதல் பயாப்சியில் திசு போதவில்லை. மறுபடி எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தது: ஈஜிஎஃப்ஆர், 19-வது பகுதியில் விடுபட்ட எழுத்துகள். 30 வருஷம் சிகரெட் பிடித்தவருக்கு.

மாமி முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "மரபணு என்கிறார்களே, அப்போ பிள்ளைகளுக்கும் வருமா?" என்றார். இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்த மாற்றங்கள் பிறக்கும்போதே உடம்பு முழுக்க வந்தவை அல்ல. பின்னால், நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்து, அதன் வழிவந்த செல்களில் மட்டும் இருப்பவை. விந்திலோ கருமுட்டையிலோ இல்லை. பரம்பரையாக வரும் ஈஜிஎஃப்ஆர் மாற்றங்கள் இருக்கின்றன, ஆனால் மிக மிக அரிது. அந்தக் குடும்பங்களில் பலருக்கும் நோய் வந்திருக்கும். மாமியிடம் நான் சொன்னது, "இது மாமாவின் கட்டிக்கு வந்த மாற்றம், மாமாவின் வம்சத்துக்கு வந்தது இல்லை." அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக அழுதார்.

பணம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அரசு மருத்துவமனைகளில் கீமோ கிடைப்பதுபோல இந்த மாத்திரைகள் எளிதில் கிடைப்பதில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் எர்லோடினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது; ஜெஃபிடினிப்பையும் அஃபாடினிப்பையும் அதற்கு மாற்றாகக் காட்டியது. இந்தியாவில் பல கம்பெனிகள் குறைந்த விலையில் தயாரிக்கும் மருந்து இது. நம் அரசு மருத்துவமனையில் ஏன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு வேறு விதமான போராட்டம். 1998-ல் வந்த மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்படி பிஎம்பி என்று சொல்லும் குறைந்தபட்சப் பயன்கள் உண்டு. உறுப்புகளில் வரும் கட்டிகளில் "சிகிச்சைக்கு உட்பட்டவை" மட்டுமே அதில் சேரும். அது தோன்றிய உறுப்பைத் தாண்டித் தொலைவுக்குப் பரவியிருக்கக் கூடாது, உறுப்பு மீளமுடியாதபடி கெட்டிருக்கக் கூடாது. இல்லாவிட்டால், கொடுக்கும் சிகிச்சையில் ஐந்து வருஷம் வாழ்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் என்று நிரூபணம் வேண்டும். பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குத் திட்டங்கள் மறுப்புச் சொல்வது இந்த வரிகளை வைத்துத்தான். மாமாவின் திட்டமும் முதலில் மறுத்தது. டாக்டர் மோட்டிவேஷன் கடிதம் எழுதினார். எந்த மாற்றம், எந்தப் பகுதி, எந்த ஆய்வில் என்ன பலன் என்று எண்களோடு. இரண்டாவது கடிதத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மெடிக்கல் எய்ட் திட்டங்களை மேற்பார்க்கும் அரசு கவுன்சிலிடம் முறையிடும் வழி இருக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டால்தான் அது நடக்கும். போனில் சொன்னதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மாத்திரைகள் நோயை அடியோடு தீர்ப்பதில்லை. ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்றவற்றுக்கு ஒரு வருஷ அளவில் கட்டி வழி கண்டுபிடித்துவிடுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வழி டி790எம் என்ற புதிய மாற்றம். அதை அடைப்பதற்கென்றே உருவானது ஓசிமெர்டினிப். அதையே முதலில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோய் முன்னேறாமல் இருந்த காலம் 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2 மாதம். மூளைக்குப் பரவியிருந்தாலும் அது அங்கே போய் வேலை செய்கிறது. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே உள்ளவர்களுக்கு மூளைக்குப் பரவுவது சாதாரணம் என்பதால் இது பெரிய விஷயம். மாமாவுக்கு அனுமதி கிடைத்தது எர்லோடினிப்புக்கு.

எர்லோடினிப்பில் இன்னொரு சங்கதி உண்டு. புகைபிடித்தால் உடம்பு அந்த மருந்தை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும், ரத்தத்தில் அளவு குறைந்துபோகும். டாக்டர் இதைச் சொன்னபோது மாமா சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். முகத்தில் பரு மாதிரித் தடிப்புகள் வந்தன, களிம்பு போட்டுக்கொள்கிறார். வயிற்றுப்போக்கும் அவ்வப்போது உண்டு. மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே எழுந்துகொள்கிறார். மாமி சாமிக்கு விளக்கேற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை காபி கிடையாது.